பின்னேரமானால் வீரிட்டு அழும் கைக்குழந்தை: வயிற்றுக்குத்தா, வேறேதுமா?

வன்னியில் மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. பெண் பிள்ளைக்கு 5 கிழமை. தாய்ப்பால் மட்டும். பகலில் குடிப்பதும் நித்திரை கொள்வதுமாக இருக்கிறாள். பின்னேரம் 6 மணியானால் முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கி, கையைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கி 9, 10 மணி வரை நிற்கமாட்டாள். இடையிடையே காற்றுப் பிரிகிறது. அம்மம்மா வசம்பு உரைக்கச் சொல்கிறா, மாமி கிறைப் வோட்டர் வாங்கச் சொல்கிறா, பாமசியில் ஒரு துளி மருந்து எடுத்து நீட்டுகிறார்கள், பக்கத்து வீட்டக்கா பால் காணாது, பால்மா கரைத்துக் கொடு என்கிறா. நாலில் எது சரி?

நாலும் தேவையில்லை. சொல்லியிருக்கும் அடையாளங்கள் மருத்துவர்கள் ‘கொலிக்’ என்று சொல்லும் அழுகைக்கே பொருந்துகின்றன. ஆனால் அப்படி முடிவெடுக்க முன்னர் பார்க்கவேண்டியவை சில உண்டு. பிள்ளையின் நிறை ஏறுகிறதா, அழுகைக்கு இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை வழமைபோல இருக்கிறதா, கீழே வரும் ஆபத்து அறிகுறி ஏதும் இருக்கிறதா என்பன அவை. இவை சரியென்றால் மிச்சம் முழுக்கப் பிடிக்கிற, கிடத்துகிற, பால் கொடுக்கிற முறையில்தான் இருக்கிறது.

கொலிக் அழுகைக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. பிறந்து 2, 3 கிழமையில் தொடங்கும், 6 ஆம் கிழமையளவில் உச்சத்துக்குப் போகும், 3 தொடக்கம் 4 மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையென்றால் இந்தக் கிழமைக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய திகதியிலிருந்து எண்ணவேண்டும். இதை மறந்துவிட்டு, இரண்டரை மாதமாகியும் கூடிக்கொண்டுதான் போகிறது என்று பயப்படுகிறவர்கள் பலர். 1954 இல் வெசல் என்ற அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் ஒரு வரையறை சொன்னார்: நாளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல், கிழமையில் 3 நாளுக்கு மேல், 3 கிழமைக்கு மேல் அழுதால் கொலிக். 2016 இல் வந்த புதிய வரையறை, சிகிச்சைக்காக மணிக்கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, 5 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை வெளிப்படையான காரணமில்லாமல் அடிக்கடி நீண்ட நேரம் அழுகிறது, ஆற்ற முடியவில்லை, காய்ச்சலோ நோயோ வளர்ச்சிக் குறைவோ இல்லை என்பதை மட்டும் கேட்கிறது. நோயில்லாத சாதாரணப் பிள்ளையே முதல் 6 கிழமையில் நாளுக்குச் சராசரியாக 2 மணித்தியாலமளவு அழுகிறது. 12 கிழமையாகும்போது அது ஏறக்குறைய 1 மணித்தியாலமாகக் குறைந்துவிடும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையும் பால்மா குடிக்கிற பிள்ளையும் இதில் ஒரேமாதிரித்தான். ஆகவே பால்மாவுக்கு மாறினால் அழுகை நிற்கும் என்பது கணக்கில் வராத பேச்சு.

காலை மடக்குகிறாளே, காற்றுப் பிரிகிறதே, அப்போ வயிறுதானே என்று கேட்பீர்கள். எந்தக் காரணத்துக்காக அழுதாலும் இந்த வயதுப் பிள்ளை உடம்பு முழுவதையும் இறுக்கித்தான் அழும். வயிற்றுத் தசை இறுகினால் வயிறு கல்லுப்போல இருக்கும், கால் மேலே வரும், உள்ளே இருக்கிற காற்று வெளியே தள்ளப்படும். அதோடு வாயைத் திறந்து வீரிடும்போது காற்றையும் விழுங்குகிறது. ஆகவே அந்தக் காற்றில் பெரும்பங்கு அழுகையால் வந்தது, அழுகைக்குக் காரணமாக இருந்ததல்ல. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வேறுபாடு, முதிராத குடலசைவு, பகல் முழுக்கக் கண்டதையும் கேட்டதையும் பின்னேரத்தில் தாங்கமுடியாத இளம் நரம்பு மண்டலம் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஒற்றைக் காரணம் இல்லாதபடியால்தான் ஒற்றை மருந்தும் இல்லை.

முதல் வேலை நிறை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுங்கள். பிறந்த நிறைக்கு 2 கிழமைக்குள் திரும்பியிருக்க வேண்டும். அதன் பிறகு முதல் 3 மாதத்தில் நாளுக்கு 20 தொடக்கம் 30 கிராம் ஏறவேண்டும். உதாரணத்துக்கு 2.9 கிலோவில் பிறந்த பிள்ளை 14 ஆம் நாள் அந்த நிறைக்கு வந்திருந்தால், 5 கிழமையில் 3.3 தொடக்கம் 3.5 கிலோவில் நிற்கும். அதைவிடக் கூட என்றாலும் நல்லதே. ஒரே தராசில், உடுப்பில்லாமல் நிறுக்கவேண்டும். ஈரமான நப்பியோடு ஒரு தடவையும் வெறும் மேலோடு மறு தடவையும் நிறுத்துவிட்டு, பிள்ளை மெலிந்துவிட்டது என்று குழம்புவது அடிக்கடி நடக்கும். கிளினிக் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொன்னால் நிறுத்துப் பார்ப்பார். வீட்டில் பார்க்கக்கூடிய கணக்கு சிறுநீர்: 24 மணித்தியாலத்தில் 6 தடவையாவது தெளிந்த நிறத்தில் போகவேண்டும். பம்பேர்ஸ் கட்டினால் இதை எண்ணமுடியாது. ஒரு நாளைக்குத் துணி நப்பி கட்டி எண்ணிப்பாருங்கள்.

நிறை ஏறவில்லையென்றால் இது கொலிக் என்ற பேச்சையே நிறுத்திவிட்டு, பால் போய்ச் சேருகிறதா என்று பார்க்கவேண்டும். நிறை நன்றாக ஏறினாலும் பால் கொடுக்கும் முறையைச் சரிபார்ப்பதில் பயன் இருக்கிறது. பிள்ளையின் வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, நாடி மார்பில் முட்டி இருக்கவேண்டும். காம்பைச் சுற்றிய கறுத்த பகுதி மேல்பக்கம் கூடத் தெரியலாம், கீழ்ப்பக்கம் தெரியக்கூடாது. ‘டிக், டிக்’ என்று நாக்குச் சத்தம் கேட்டால் பிடி நழுவுகிறது, காற்றும் உள்ளே போகிறது. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை எடுத்து மறுபடி பிடிக்கவிடுங்கள்.

பால் அதிகமாக ஊறும் தாய்மாருக்கு வேறு பிரச்சினை. பிள்ளை குடிக்கத் தொடங்கியவுடன் பால் பீறி வரும். பிள்ளை திணறி, இருமி, மார்பை விட்டு விலகி அழும். மலம் பச்சையாக, நுரையோடு, வெடித்தாற்போலப் போகும். தொடக்கத்தில் வருகிற பாலில் கொழுப்புக் குறைவு. ஒரு பக்கத்தை முடிக்க முன் மறுபக்கம் மாற்றினால் இரண்டு பக்கத்திலும் இந்த முன்பாலே வயிற்றை நிரப்பும். அது விரைவாகக் குடலுக்குள் இறங்கி, சமிக்காத பால்வெல்லம் புளித்துக் காற்றாகும். ஒரு பக்கம் முழுவதும் தளர்ந்த பின்னர்தான் மறுபக்கம் என்பது இதற்கான திருத்தம். தாய் சாய்ந்து படுத்துக்கொண்டு பிள்ளையை மேலே கிடத்திக் கொடுத்தால் பாய்ச்சலும் குறையும். நிறை ஏறாத பிள்ளைக்கு இந்த ஒருபக்க முறையை நீங்களாகத் தொடங்கவேண்டாம்.

பின்னேரத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மார்பைத் தேடுகிறாள் என்றால் அது பால் காணாததற்குச் சான்றல்ல. இந்த வயதில் அநேக பிள்ளைகள் மாலையில் அடுக்கடுக்காகக் குடிக்கும். வன்னியில் பால்மாத் தகரம் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் பால் உண்மையாகவே குறைந்திருக்கும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்.

ஏற்கெனவே பால்மா கொடுக்கிறவர்களுக்கு ஒரு சில வார்த்தை. தண்ணியை முதலில் அளந்து ஊற்றி, பிறகு அந்தத் தகரத்தோடு வந்த கரண்டியால் தட்டையாக வழித்த அளவுகளைப் போடுங்கள். அநேக வகைகளுக்கு 30 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி என்றாலும், தகரத்தில் எழுதியிருப்பதே கணக்கு. கூடப் போட்டால் மலம் இறுகும், குறையப் போட்டால் பிள்ளை மெலியும். கொதித்த தண்ணியை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கவேண்டும். மாவிலிருக்கும் கிருமி சாவது அந்தச் சூட்டில்தான். கரைத்து 2 மணித்தியாலம் தாண்டினால் ஊற்றிவிடுங்கள். வவுனியாப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியில் புளோரைட் கூடிய இடங்கள் உண்டு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. அங்கே வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணியைக் கொதிக்கவைத்துப் பாவிப்பது நல்லது. வீட்டில் தேத்தண்ணிக்கு வாங்கும் சாதாரண முழு ஆடைப் பால்மா ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எந்த அளவிலும் கூடாது.

குடித்து முடிந்ததும் ஏவறை. தோளில் சாய்த்தோ, மடியில் இருத்தி நாடியையும் நெஞ்சையும் ஒரு கையால் தாங்கியோ முதுகைத் தடவினால் போதும். 2, 3 நிமிடத்தில் வராவிட்டால் விட்டுவிடலாம். தாய்ப்பால் குடிக்கும் பல பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஏவறை வராது. வரும்வரை கால் மணித்தியாலம் தட்டித் தட்டி நித்திரையைக் குழப்புவது பெரியவர்களின் பிடிவாதம். ஏவறையோடு இரண்டு கரண்டி பால் கக்குவதும், நிறை ஏறிக்கொண்டிருந்தால், துவாய் தோய்க்கிற வேலையைத் தவிர வேறொன்றுமில்லை.

இனி அந்த 6 மணிக்கு வருவோம். அழத் தொடங்கிய பிறகு அல்ல, 5 மணிக்கே ஆயத்தம் வேண்டும். தகரக் கூரை வீட்டில் பகல் முழுக்கக் காய்ந்த சூடு பொழுதுபட்ட பிறகும் உள்ளேயே நிற்கும். சோளகக் காலத்தில் வெளியே காற்று வீசும், அறைக்குள் பிள்ளை வெந்துகொண்டிருக்கும். தொப்பி, காலுறை, இரண்டு சுற்றுத் துவாய் எல்லாம் சேர்த்துப் போட்டு, குளிர் பிடிக்கும் என்று யன்னலையும் பூட்டினால் எந்தப் பிள்ளையும் அழும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள். வேப்பமர நிழலோ திண்ணையோ நல்ல இடம், நுளம்புவலையோடு. அறைக்குள் சாம்பிராணிப் புகை வேண்டாம். விறகடுப்பு எரிகிற குசினிக்குள் பிள்ளையை வைத்திருக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் சிகரெட், பீடி பிடிப்பது கொலிக்கைக் கூட்டும் என்று தெரிந்திருக்கிற சில காரணங்களில் ஒன்று.

வெக்கை நாளில் தண்ணி விடாய்க்காதா என்ற கேள்வி வரும். தாய்ப்பாலில் 88 வீதமளவு தண்ணி. வெயில் கூடிய நாளில் கூடுதலான தடவை பால் கொடுத்தால் போதும். 6 மாதம் வரை வேறு தண்ணி எதுவும் வேண்டாம்.

பிடிக்கிற முறைகளில் அதிகம் உதவுவது ஒன்று உண்டு. பிள்ளையைக் குப்புறமாக உங்கள் முன்கையில் கிடத்துங்கள். தலை முழங்கை மடிப்பில், முகம் வெளிப்பக்கம், உள்ளங்கை இரண்டு தொடைக்கும் நடுவே. மரக்கொப்பில் சிறுத்தை படுத்திருப்பதுபோல இருக்கும். மற்றக் கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடவுங்கள். முன்கையின் அழுத்தமும் சூடும் வயிற்றில் படும். இன்னொரு வழி, சட்டையில்லாத பிள்ளையைத் தாயின் அல்லது தகப்பனின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் பிடித்து, மேலே மெல்லிய துணியொன்றால் போர்த்துவது. தகப்பனின் தாழ்ந்த குரலுக்கு அடங்குகிற பிள்ளைகள் உண்டு. சீரான இரைச்சலும் உதவும். மின்விசிறிச் சத்தம் போதும், கைத்தொலைபேசியில் இரைச்சல் போடுவதென்றால் காதுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம்.

ஏணை ஆட்டம் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகவே பிடிக்கும். கண்முன்னே வைத்து ஆட்டி ஆற்றுவதற்கு அது சரி. ஆனால் சேலை ஏணைக்குள் நாடி நெஞ்சில் மடிந்து கிடந்தால் மூச்சுவழி நெருங்கும். நித்திரையானதும் எடுத்து, தட்டையான உறுதியான படுக்கையில், மல்லாக்க, தலையணையில்லாமல் கிடத்துங்கள். குப்புறப் பிடிப்பது கையில் மட்டும்தான், படுக்கையில் அல்ல.

வயிறு தடவுவதென்றால் பால் குடித்து அரை மணித்தியாலமாவது போகவேண்டும், பிள்ளை அமைதியாக இருக்கிற நேரமாகவும் இருக்கவேண்டும். உச்சத்தில் அழும்போது தடவினால் இன்னும் குழம்பும். தேங்காயெண்ணெய் சில துளியைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, மணிக்கூட்டுக் கம்பி சுற்றும் பக்கமாகத் தடவுங்கள். பிள்ளையின் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, விலாவுக்குக் கீழே குறுக்காகப் போய், இடது பக்கம் இறங்கவேண்டும். பெருங்குடல் போகும் வழி அதுதான். பிறகு இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடித்து 5 எண்ணும்வரை வைத்து விடுங்கள். 5, 6 தடவை போதும். இந்த வேலையை அம்மம்மாவிடம் கொடுங்கள். வசம்பு உரைக்கிற கைக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்தமாதிரியும் இருக்கும்.

எதைச் செய்தாலும் 5, 10 நிமிடமாவது அதையே செய்யுங்கள். ஒரு நிமிடம் தோள், ஒரு நிமிடம் ஏணை, ஒரு நிமிடம் கிலுக்கி, பிறகு வேறொருவர் கை என்று மாறிக்கொண்டிருந்தால் பிள்ளை களைத்து இன்னும் கத்தும். 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிறகு அழத் தொடங்கிவிட்டது, வந்தவர்களின் நாவூறு என்று சொல்லும் குடும்பங்கள் பல. அந்த வயதில் கொலிக் ஏறிக்கொண்டிருக்கும், அன்று பிள்ளை 20 கை மாறியுமிருக்கும். நாவூறு கழிப்பதால் பிள்ளைக்குக் கெடுதலில்லை. செத்தல் மிளகாயைப் பிள்ளைக்குப் பக்கத்தில் சுடாமல், ஓதின தண்ணியைப் பருக்காமல் செய்தால் சரி. 2 மாத ஊசிக்கும் இதே பழி விழும். ஊசி போடுகிற வயதும் அழுகை உச்சத்திலிருக்கும் வயதும் அடுத்தடுத்து வருகின்றன. ஊசியன்று ஒரு நாள், இரண்டு நாள் சிணுங்கல் கூடலாம், கிழமைக்கணக்கான அழுகை ஊசியால் வருவதல்ல.

கைகளில் கூடுதலாக வைத்திருப்பது பற்றி 1986 இல் கனடாவின் மொன்றியலில் ஒரு ஆய்வு நடந்தது. சாதாரணப் பிள்ளைகளை நாள் முழுக்கக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்தபோது 6 ஆம் கிழமையில் அழுகை 43 வீதம் குறைந்தது. கொலிக் பிள்ளைகளில் பின்னர் செய்து பார்த்தபோது அந்தளவு பலன் வரவில்லை. ஆனாலும் “தூக்கித் தூக்கிப் பழக்கிப்போட்டாய்” என்ற பேச்சுக்கு இந்த வயதில் இடமில்லை.

இப்போது வாய்க்குள் போகும் சாமான்கள். வசம்பை விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுவார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968 இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடைபோட்டது. குழந்தைக்குச் சத்தியையும் அது உண்டாக்கும். உரைத்த கல்லும் விரலும் கொண்டுவரும் கிருமி வேறு. வசம்பு வளையலும் வேண்டாம், கை வாய்க்குப் போகும் வயது வரப்போகிறது.

கிறைப் வோட்டர் 1851 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வூட்வேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தது. பழைய கலவையில் சீனி, சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு இவற்றோடு 3.6 வீதம் மதுசாரமும் இருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் அடங்கிப் படுத்ததில் அதிசயமில்லை. இன்று மதுசாரம் எடுக்கப்பட்டுவிட்டது. மிச்சமிருப்பது இனிப்பு. இனிப்பு நாக்கில் பட்டால் பிள்ளை சில நிமிடம் அமைதியாகும். ஓமத்தண்ணி, சீனித்தண்ணி, கற்கண்டுத்தண்ணி எல்லாம் “வேலை செய்கிற” மாதிரித் தெரிவது பாதி இதனால், மற்றப் பாதி கொலிக் தானாகவே அடங்கிக்கொண்டு வருவதனால். கடைசியாகக் கொடுத்த மருந்துக்கே பெயர் கிடைக்கும்.

காட்டுத்தேன் வன்னியில் தாராளம். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, உடம்பைத் தளர்த்தி மூச்சையே நிறுத்தும். சுத்தமான தேன், கலப்படத் தேன் என்ற வேறுபாடு இதில் இல்லை. ஆமணக்கெண்ணெய் பேதியும் வேண்டாம். பெருங்காயத்தைப் பிள்ளைக்குப் பருக்கவேண்டாம். தொப்புள்கொடி விழுந்து புண் ஆறும்வரை அந்த இடத்தில் எதையும் பூசவும் வேண்டாம்.

பாமசித் துளிகளில் பெயரைப் பார்க்கவேண்டும். சிமெதிகோன் என்றிருந்தால் பெரிய கெடுதலில்லை, உடம்பில் உறிஞ்சப்படுவதுமில்லை, ஆனால் ஆய்வுகளில் மருந்தில்லாத வெறும் துளியைவிட அது மேலாக வேலைசெய்யவில்லை. டைசைக்ளோமைன் என்றிருந்தால் வாங்கவே வேண்டாம். 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் மூச்சுத் தடை, வலிப்பு, மரணம் வரை நடந்திருப்பதால் இந்த வயதில் அது விலக்கப்பட்ட மருந்து. நித்திரை வரட்டும் என்று தடிமன் பாணி கொடுப்பதும் இதே ஆபத்துத்தான். பனடோல் கொலிக்குக்கான மருந்தல்ல, காய்ச்சலை மறைத்தும்விடும். ஓரளவு ஆதாரம் உள்ளது லக்டோபசிலஸ் ரியூட்டரை என்ற நல்ல பக்ரீரியாத் துளி. நாளுக்கு ஒருமுறை 5 துளி, அதில் 10 கோடி உயிரிகள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளில் அழுகை நேரத்தைக் குறைத்திருக்கிறது, பால்மாப் பிள்ளைகளில் அப்படித் தெளிவாக இல்லை. விலை கூடிய சாமான். குளிரூட்டியில் வைக்கச் சொல்லும் வகையை மின்சாரம் போய்வரும் வீட்டில் வைத்துக் கொடுத்தால் காசு வீண். கடன்பட்டு வாங்கவேண்டிய ஒன்றல்ல.

மலம் பற்றி ஒரு தனிக் குழப்பம் உண்டு. பிள்ளை 10, 20 நிமிடம் முக்கி, சிவந்து, கத்தி, கடைசியில் களிபோல மெத்தென்று மலம் போனால் அது மலச்சிக்கலல்ல. வயிற்றை அழுத்தும் அதே நேரத்தில் மலவாசலைத் தளர்த்த இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு விடுவது, சவர்க்காரத் துண்டு வைப்பது எல்லாம் உள்தோலைக் காயப்படுத்தும். அதோடு, தூண்டினால்தான் போகும் என்ற பழக்கத்தையும் உண்டாக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை 6 கிழமைக்குப் பிறகு 7 தொடக்கம் 10 நாளுக்கு ஒருமுறை போனாலும், போகும்போது மெத்தென்றிருந்து வயிறும் இளகியிருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பிறந்த முதல் சில கிழமைகளில் அப்படி நாட்கணக்காக நின்றால் பால் போதாமையாக இருக்கலாம், காட்டவேண்டும்.

தாயின் சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் சட்டம் போடுவார்கள். பயறு, பருப்பு, கீரை, பலாப்பழம் தின்றதால் பிள்ளைக்கு வாயு என்பது தவறு. பருப்பு தாயின் குடலில் புளித்துத்தான் காற்றாகிறது. அந்தக் காற்று இரத்தத்தில் ஏறிப் பாலுக்கு வராது. சரக்குக் கறியும் சாப்பிடலாம், மரக்கறியும் சாப்பிடலாம். தேத்தண்ணி, கோப்பியை நாளுக்கு இரண்டு மூன்று கோப்பையோடு நிறுத்துவது நல்லது.

விதிவிலக்கு ஒன்று: பசுப்பால் புரத ஒவ்வாமை. அழுகையோடு மலத்தில் சளியோ இரத்தக் கீறோ, உடம்பில் ஆறாத சொறி, அடிக்கடி சத்தி, நிறை ஏறாமை இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் யோசிக்கவேண்டும். வைத்தியரோடு பேசிவிட்டு, தாய் 2 தொடக்கம் 4 கிழமை பால் வகை முழுவதையும் நிறுத்திப் பார்க்கலாம். முழுவதும் என்றால் பால்தேத்தண்ணி மட்டுமல்ல. தயிர், பட்டர், பால் சேர்ந்த பிஸ்கட்டும் அதில் அடங்கும். எருமைத் தயிரும் ஆட்டுப்பாலும் இதில் தப்பாது. கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமாவிலும் பால்மா இருக்கிறது. இதைத் தெரியாமல் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டு, நிறுத்தியும் பலனில்லை என்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் கல்சியத்துக்கு நெத்தலி, எள்ளு, குரக்கன், முருங்கையிலை, கிளினிக் கல்சியக் குளிசை. சுகமானால் மறுபடி பால் குடித்துப் பாருங்கள். அழுகை திரும்பினால்தான் காரணம் உறுதி. திரும்பாவிட்டால் வீணாகப் பத்தியம் காக்கவேண்டாம்.

இனி, வீட்டில் வைத்திருக்கக் கூடாத நிலைமைகள். சத்தி இலைப்பச்சை நிறத்தில் வந்தால் ஒரு மணித்தியாலமும் பொறுக்கவேண்டாம், குடல் முறுக்கியிருக்கலாம். 2 தொடக்கம் 8 கிழமை வயதில் ஒவ்வொரு முறை குடித்ததும் எட்டத் தெறிக்கும்படி சத்தியெடுத்து, உடனே மறுபடி பசியோடு தேடினால் இரைப்பையின் வாசல் தடித்து அடைத்திருக்கலாம். சில மாதமான பிள்ளை விட்டுவிட்டு வீரிட்டு, இடையில் வெளிறித் துவண்டு, பிறகு சிவப்புக் களிபோல மலம் போனால் குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுச் சோர்வு, அழாத நேரத்திலும் இறுகி ஊதிய வயிறு, வழமையில் பாதியும் குடிக்காமை, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, புடைத்த உச்சிக்குழி, வழமையில்லாத கிறீச்சிட்ட அல்லது முனகும் அழுகை. இவை எதுவும் கொலிக்கல்ல. 14 நாள் தாண்டியும் கண் மஞ்சளாக, மலம் சுண்ணாம்பு நிறமாக இருந்தால், அழுகையே இல்லாவிட்டாலும், உடனே காட்டவேண்டும்.

திடீரென்று ஒருநாள் வழமையில்லாத நேரத்தில் அழத் தொடங்கினால் பிள்ளையை வெளிச்சத்தில் முழுதாக உரிந்து பாருங்கள். கால்விரலில், ஆண்குறியில் தாயின் தலைமயிர் சுற்றி இறுகியிருக்கலாம். பிள்ளை பெற்ற பின் மயிர் கொட்டும் காலம் அது. கையில் இடுப்பில் கட்டிய நூல் இறுகியிருக்கலாம். தொடைமடிப்பில் அமத்தினால் உள்ளே போகாத கட்டி இருந்தால் அது இறங்கிச் சிக்கிய குடல், அன்றே சத்திரசிகிச்சை தேவைப்படும். ஆண் பிள்ளையின் விதை வீங்கிச் சிவந்திருந்தாலும் அப்படியே. வாய்க்குள் வெள்ளைப் படை, சீழ் வடியும் காது, எறும்புக்கடி எல்லாம் பார்க்கவேண்டியவை.

துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி உட்பகுதிகளில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. யானை நடமாடும் பாதையில் நள்ளிரவில் மோட்டார்சைக்கிளில் கைக்குழந்தையோடு போவது தனி ஆபத்து. பகலிலேயே பால் குடி குறைந்தது, சூடாக இருக்கிறது, சத்தி கூடுகிறது என்று சந்தேகம் வந்தால் பொழுதுபட முன்னரே மல்லாவியோ மாங்குளமோ பக்கத்து வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். இரவில் அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். காய்ச்சல்மானி ஒன்று வீட்டில் இருக்கட்டும், கிறைப் வோட்டர் போத்தலுக்குப் போகும் காசில் அது வரும்.

தாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மூன்று மணித்தியாலம் தொடர்ந்து காதுக்குள் வீரிட்டால் யாருக்கும் கோபம் வரும், வெறுப்பும் வரும். அதனால் நீங்கள் கெட்ட தாயாகிவிடவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் பிள்ளையை ஒருதரம் உலுப்பினாலும் மூளைக்குள் இரத்தம் கசிந்து கண் போகலாம், உயிரும் போகலாம். கை நடுங்கத் தொடங்கினால் பிள்ளையைப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்தி, நுளம்புவலையைப் போட்டுவிட்டு, முற்றத்தில் 10 நிமிடம் நில்லுங்கள். அந்த 10 நிமிட அழுகையால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது. வயலால் வருகிற தகப்பன் குளித்துவிட்டு 7 தொடக்கம் 8 வரை பிள்ளையை வைத்திருக்கட்டும், அந்த நேரத்தில் தாய் சாப்பிடட்டும், படுக்கட்டும். தனியாக வீட்டை நடத்தும் தாய்மார் வன்னியில் பலர். அவர்கள் பக்கத்து வீட்டில் ஒருவரிடம், அழுகை நேரத்துக்கு மட்டும் வரச்சொல்லி வெட்கப்படாமல் கேட்கவேண்டும். அழுகை இல்லாத நேரத்திலும் நித்திரை வராமல், எதிலும் மனம் ஒட்டாமல், பிள்ளையையோ தன்னையோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் வந்தால் அது பிரசவத்தின் பின் வரும் மனச்சோர்வு. குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் அன்றே சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது.

ஒரு கொப்பித்தாளில் ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு அழத் தொடங்கினாள், எப்போது நின்றது, அதற்கு முன் எப்போது குடித்தாள், எத்தனை சிறுநீர், மலத்தின் நிறம். அடுத்த கிளினிக்குக்கு அந்தத் தாளையும் கொண்டு போங்கள். 8 ஆம் கிழமைக்குப் பிறகும் அழுகை நேரம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், அல்லது 4 மாதம் கடந்தும் நின்றபாடில்லை என்றால், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ மாவட்ட வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடம் அந்தத் தாளோடு போய்க் காட்டுங்கள்.